கதவில்லாத கூடம்: அலுவலக அமைப்பும் பணி மனநிறைவும்

ஒருவருக்குத் தன் வேலை பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைச் சம்பளமும் மேலதிகாரியும் வேலையின் தன்மையுமே தீர்மானிக்கின்றன, வேலை நடக்கும் அறைக்கு அதில் பெரிய பங்கில்லை என்பது நீண்டகாலக் கருத்து. அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் அவருடைய குழு சந்தித்தது. வேலையில் மிகவும் மகிழ்ந்திருந்த வேளை எது, வெறுத்துப்போன வேளை எது என்று கேட்டது. மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியவர்கள் சாதனையையும் பாராட்டையும் பொறுப்பையும் சொன்னார்கள். வெறுப்பைப் பற்றிப் பேசும்போதுதான் நிர்வாகக் கெடுபிடி, மேற்பார்வை ஆகியவற்றோடு பணியிடச் சூழலும் பேச்சில் வந்தது. நல்ல அறை யாரையும் மகிழ்விப்பதில்லை, மோசமான அறை மட்டும் எரிச்சலூட்டும் என்பது இதன் சாரம்.

இதில் பாதி இன்றும் நிற்கிறது. நல்ல நாற்காலியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதுகு வலிக்கும்போதுதான் நாற்காலி நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த எரிச்சலின் அளவை ஹெர்ஸ்பெர்க்கின் வாசகர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் வெய்ச்சும் சகாக்களும் கனடா, அமெரிக்க நகரங்களின் ஒன்பது கட்டடங்களில் 779 ஊழியர்களிடம் கேட்டுத் திரட்டிய முடிவுகள் 2007இல் வெளிவந்தன. அந்தரங்கமும் ஒலியும், வெளிச்சம், காற்றும் வெப்பமும் என மனக்குறைகள் மூன்று கொத்துகளாகப் பிரிந்தன. இவற்றில் நிறைவு கண்டவர்கள் பணியிடம் முழுவதிலும் நிறைவு கண்டார்கள். பணியிடத்தில் நிறைவு கண்டவர்கள் வேலையிலும் கூடுதல் நிறைவு கண்டார்கள். ஆக, அறைக்கும் வேலைக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் அழகும் சொகுசும் இருப்பதைவிட, தன்னைச் சுற்றியுள்ள சத்தம், பார்வை, குளிர், இடம் ஆகியவற்றில் ஊழியரின் கைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதே பெரிதும் இருக்கிறது. நூறாண்டு அலுவலக வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் பல புதிர்கள் விடுபடுகின்றன.

நவீன அலுவலகத்தின் முன்மாதிரிகளில் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1906இல் எழுந்தது. தபால் வழியே சோப்பு விற்ற லார்கின் நிறுவனத்துக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த கட்டடம் அது. பக்கத்திலேயே ரயில் பாதை, கரிப்புகை. அதனால் சன்னல்களை அடைத்துவிட்டு, சுத்தம் செய்த காற்றை உள்ளே விடும் ஏற்பாட்டை ரைட் செய்தார். நடுவே ஐந்து தள உயரத்துக்கு ஒரு முற்றம். மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம். நிர்வாகிகளும் அந்த முற்றத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் எழுத்தர்களின் நாற்காலி மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தது. எழுந்ததும் மடக்கி மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம், தரையைப் பெருக்குவது சுலபம். உட்கார்ந்திருப்பவர் நாற்காலியை நாலு விரல் பின்னுக்கு இழுக்க நினைத்தால் அது மட்டும் நடக்காது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஜான்சன் வேக்ஸ் தலைமையகத்தைக் கட்டியபோதும் ரைட் மாறவில்லை. காளான் போல் விரிந்த தூண்கள் நிற்கும் அந்தக் கூடம் இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் இடம். அதற்கென அவர் வடித்த நாற்காலிக்கு மூன்றே கால். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தால் நிற்கும். ஒருபக்கமாகச் சாய்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். பின்னால் நான்காவது கால் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊழியர் எப்படி உட்கார வேண்டும் என்பதுகூடக் கட்டடக் கலைஞரின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற நம்பிக்கை அப்போது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அறைக்கும் உழைப்புக்கும் உள்ள உறவை அளந்து பார்க்கும் முயற்சி சிகாகோவை ஒட்டிய சிசெரோவில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் தொடங்கியது. 1924 முதல் 1927 வரை விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியைக் கணக்கிட்டார்கள். ஒளி கூடினாலும் உற்பத்தி ஏறியது, குறைந்தாலும் ஏறியது என்பது பாடநூல்கள் சொல்லும் கதை. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே ஊழியர்களை உற்சாகப்படுத்தியது என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது; உளவியலாளர் எல்டன் மேயோவின் பெயரோடு சேர்ந்து அது உலகம் முழுவதும் பரவியது. காணாமல்போனதாகக் கருதப்பட்ட மூலத் தரவைத் தேடி எடுத்து, ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் 2011இல் மறு ஆய்வு செய்தார்கள். விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றப்பட்டிருந்தன. மாற்றத்துக்குப் பிறகு ஏறியதாகத் தெரிந்த உற்பத்தியில் ஒரு பங்கு வெறும் திங்கட்கிழமை விளைவு. கதையில் சொல்லப்பட்ட அளவுக்குத் தெளிவான விளைவு எதுவும் தரவில் இல்லை. ஆனால் அந்தக் கதை செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது. விளக்கும் சுவரும் முக்கியமல்ல, மனித உறவே முக்கியம் என்ற முடிவோடு மேலாண்மைத் துறை பல பத்தாண்டுகள் அறையைப் பற்றி அக்கறை காட்டவில்லை. பழுதான ஒரு சோதனை இவ்வளவு நாள் ஆட்சி செய்ததற்கு வேறு உதாரணம் தேடுவது கடினம்.

அந்த இடைவெளியில் அறையின் வடிவம் இரண்டு முறை புரண்டது. 1950களின் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே குவிக்போர்ன் என்ற ஊரில் எபர்ஹார்ட், வொல்ஃப்காங் ஷ்னெல்லே சகோதரர்கள் அலுவலகத்தை ஒரு நிலக்காட்சிபோல அமைக்கும் முறையை உருவாக்கினார்கள். வரிசை வரிசையான மேசைகள் போயின. எந்த ஃபைல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யார் யாரிடம் அதிகம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அதற்கேற்ப மேசைகளைக் கோணல்மாணலாகச் சிதறவிட்டார்கள். நடுநடுவே தொட்டிச்செடி, தரையெங்கும் கம்பளம், இளைப்பாற ஒரு மூலை. அதிகாரிக்கும் தனி அறை கிடையாது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இதற்கு ஒரு சமத்துவ வாசம் இருந்தது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊழியர்களே இதற்கு எதிராகத் திரும்பினார்கள். சத்தம், குளிர்க்காற்று, சன்னலுக்கு வெகுதூரத்தில் இருக்கை, எந்நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் உணர்வு ஆகியவையே புகார்கள். 1970களில் ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து நாடுகளில் பணியாளர் மன்றங்களின் குரல் வலுப்பெற்றதும் அங்கே சன்னலோரச் சிறு அறைகள் திரும்பி வந்தன. ஊழியரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இருந்த நாடுகளில் திறந்த கூடம் பின்வாங்கியது. அந்தக் கட்டாயம் இல்லாத அமெரிக்காவில் அது வளர்ந்தது.

அமெரிக்கக் கதையின் நாயகர் ராபர்ட் ப்ராப்ஸ்ட். ஹெர்மன் மில்லர் அறைகலன் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர். நாள் முழுவதும் ஒரே நிலையில் உட்காருவது உடலுக்கும் மூளைக்கும் ஆகாது என்பது அவர் கருத்து. நின்று வேலை பார்க்க ஒரு மேசை, உட்கார ஒரு மேசை, கண்ணெதிரே காகிதங்களைப் பரப்பிவைக்க அடுக்குகள் என 1964இல் வந்த அவருடைய ‘ஆக்‌ஷன் ஆஃபிஸ்’ விலை அதிகம் என்பதால் விற்கவில்லை. 1968இல் வந்த இரண்டாவது வடிவத்தில் நகர்த்தத்தக்க தடுப்புகள் இருந்தன. 120 பாகைக் கோணத்தில் விரித்தால் ஒரு பக்கம் மறைவு, ஒரு பக்கம் திறப்பு. வேண்டியபோது ஊழியரே மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். வாங்கிய நிறுவனங்கள் தடுப்புகளை 90 பாகையில் மடக்கி, ஒரே கூடத்தில் எத்தனை பெட்டி அடங்கும் என்று கணக்குப் போட்டன. நிரந்தரச் சுவரைவிட அறைகலனின் தேய்மானத்தை விரைவாகக் கழித்துக்கொள்ள வரிச்சட்டம் இடம் கொடுத்தது வேறு. இப்படிப் பிறந்ததுதான் கியூபிக்கிள். ப்ராப்ஸ்ட் தம் கடைசிக் காலத்தில் இதைக் கண்டு நொந்துகொண்டார். அவர் விற்றது மாற்றிக்கொள்ளும் வசதி. நிறுவனங்கள் அதை விட்டுவிட்டுத் தடுப்பை மட்டும் வாங்கின.

1990களுக்குப் பிறகு அந்தத் தடுப்பும் தாழ்ந்து, பிறகு மறைந்து, நீளமேசைகள் வந்தன. சுவர் போனால் பேச்சு பெருகும், பேச்சு பெருகினால் புதிய யோசனைகள் பிறக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வாடகை மிச்சமாகும் என்ற காரணம் அவ்வளவு உரக்கச் சொல்லப்படவில்லை.

திறந்த கூடத்தைப் பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் புகார் சத்தம். ஒலியின் உரப்பைவிடப் பேச்சின் தெளிவே இங்கே வில்லன். ஏ.சி. இரைச்சலையும் தெருப் போக்குவரத்தையும் மூளை சீக்கிரம் புறந்தள்ளிவிடும். மனிதக் குரலை அப்படித் தள்ள அதற்குத் தெரியாது. படிப்பது, எழுதுவது, எண்களை நினைவில் வைத்துக் கூட்டுவது ஆகிய வேலைகளுக்கு மனத்துக்குள் ஓடும் ஓசையற்ற சொல்லோட்டம் தேவைப்படுகிறது. காதில் விழும் பேச்சும் அதே பாதையில்தான் நுழைகிறது. புரியாத மொழியில் பேசினாலும் இடையூறு உண்டு. தொலைபேசியில் ஒருவர் பேசும் பாதிப் பேச்சு, இருவர் எதிரெதிரே பேசும் முழுப் பேச்சைவிடக் கவனத்தை அதிகம் இழுக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மறுமுனையில் என்ன பதில் வரும் என்று கேட்பவரின் மூளை தானாகவே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு விநோதமான முடிவு கிடைக்கிறது. ஓரளவு அமைதியான கூடத்தில் இடையூறு அதிகம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் சொற்கள் கலங்கி வெறும் இரைச்சலாகிவிடும். நாற்பது பேர் அடங்கியிருக்கும்போது இருவர் மட்டும் பேசினால் ஒவ்வொரு சொல்லும் கடைசி மேசைவரை தெளிவாகப் போய்ச் சேரும். 2012இல் வெளியான திறந்த அலுவலகங்களுக்கான சர்வதேச ஒலியளவீட்டுத் தரம் இதனால்தான் பேச்சின் தெளிவையும் அளக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையிலான தெளிவுக் குறியீடு 0.5க்குக் கீழே இறங்க எத்தனை மீட்டர் விலக வேண்டும் என்பதை அது கவனச்சிதறல் ஆரம் என்று குறிக்கிறது. ஒலியை உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங், உயரமான தடுப்பு, வேண்டுமென்றே மெல்லிய இரைச்சலைப் பரப்பும் ஒலிபெருக்கி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் அந்த ஆரம் சுருங்கும். சீலிங்கை எடுத்துவிட்டு வெறும் காங்கிரீட்டையும் குழாய்களையும் காட்டும் இன்றைய நாகரிகம், உறிஞ்சும் பொருளை வேறெங்கும் சேர்க்காத வரை, இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

சத்தம் செய்யும் தீங்கு, பாதிக்கப்படுபவருக்கே தெரியாமல் போகலாம். கேரி எவன்ஸும் டானா ஜான்சனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எழுத்தர் பணியில் இருந்த 40 பெண்கள் பங்கேற்றனர். திறந்த அலுவலகத்தின் சாதாரணச் சத்தம் பாதிப்பேருக்கு மூன்று மணி நேரம் கேட்கவைக்கப்பட்டது. மற்றவர்கள் அமைதியான அறையில் இருந்தனர். தட்டச்சு வேகத்தில் வேறுபாடில்லை. மன அழுத்தம் கூடியதாகவும் யாரும் சொல்லவில்லை. ஆனால் சத்தத்தில் இருந்தவர்களின் சிறுநீரில் அட்ரினலின் கூடியிருந்தது. நாற்காலியையும் உட்காரும் நிலையையும் அவர்கள் அடிக்கடி சரிசெய்துகொள்ளவில்லை. பிறகு தீர்க்கவே முடியாத சில புதிர்களைக் கொடுத்தபோது அவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். உடல் பதிந்துவைத்த சோர்வை மனம் பதியவில்லை. கேள்வித்தாளை மட்டும் நம்பும் ஆய்வு இதைத் தவறவிட்டிருக்கும்.

இதைவிட ஆழமான ஒரு சோதனையை 1960களின் கடைசியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் செய்திருந்தார்கள். ஸ்பானிஷ் பேசும் இருவர், ஆர்மீனிய மொழி பேசும் ஒருவர், ஒரு பிரதியெடுக்கும் இயந்திரம், கணக்கிடும் இயந்திரம், தட்டச்சுப்பொறி ஆகிய அத்தனை ஒலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, கணிக்க முடியாத இடைவெளிகளில் காது அதிர ஒலிக்கவிட்டார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டது. பொறுக்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்று சொல்லப்பட்டது. அவர்கள் அழுத்தவில்லை. இரண்டு குழுவும் கேட்டது அதே சத்தம், அதே அளவு. சத்தம் முடிந்த பிறகு நடந்த சோதனைகளில் பொத்தான் இருந்தவர்கள் தீராத புதிர்களோடு பல மடங்கு அதிகமாகப் போராடினார்கள். பிழைதிருத்தும் வேலையிலும் குறைவான பிழைகளையே தவறவிட்டார்கள். பயன்படுத்தாத ஒரு பொத்தான் கையருகே இருந்ததே போதுமானதாக இருந்தது. அலுவலகத்தில் கதவு செய்யும் வேலையும் இதுதான். கேபின் உள்ளவர் பெரும்பாலும் கதவைத் திறந்தேதான் வைத்திருப்பார்; வேண்டும்போது சாத்தலாம் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

திறந்த கூடத்தின் ஆதரவாளர்கள் சத்தத்தை ஒப்புக்கொள்வார்கள். பதிலுக்குக் கிடைக்கும் கலந்துரையாடல் அதை ஈடுகட்டும் என்பார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் இருவரும் 303 கட்டடங்களில் திரட்டப்பட்ட 42,764 பதில்களை 2013இல் பகுத்து இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள். எளிதாகப் பேச முடிவதால் கிடைத்த நிறைவு, சத்தத்தாலும் அந்தரங்கம் போனதாலும் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டவில்லை. ஐந்தாண்டு கழித்து வந்த ஆய்வு அந்தக் கலந்துரையாடலே நடக்கிறதா என்று கேட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனத் தலைமையகங்களில், ஊழியர்களின் கழுத்தில் உணர்கருவி பதித்த அட்டைகளை மாட்டினார்கள். யார் யாரை நோக்கி நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று அவை பதிந்தன. என்ன பேசினார்கள் என்பது பதியப்படவில்லை. முதல் நிறுவனத்தில் 52 பேர் பங்கேற்றனர். மாற்றத்துக்கு முன்பு ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 5.8 மணி நேரம் நேருக்கு நேர் பிறரோடு இருந்தார். மாற்றத்துக்குப் பின்பு அது 1.7 மணி நேரமாகச் சுருங்கியது. மின்னஞ்சல்கள் பெருகின. எல்லோர் கண்ணும் தம் மேலே இருக்கும் இடத்தில் மனிதர்கள் தங்களுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவரை எழுப்பிக்கொள்கிறார்கள்: காதில் ஹெட்ஃபோன், திரையை விட்டு விலகாத பார்வை, பக்கத்து மேசைக்காரருக்கும் ஒரு குறுஞ்செய்தி.

உடல்நலத்திலும் இதன் சாயல் தெரிகிறது. டென்மார்க்கில் 2,403 ஊழியர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஆறு பேருக்கு மேல் உட்காரும் திறந்த அறைகளில் இருந்தவர்கள் தனி அறையில் இருந்தவர்களைவிட 62 விழுக்காடு அதிக நாள் நோய்விடுப்பு எடுத்திருந்தார்கள். இத்தகைய எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தனி அறை கிடைப்பவர் பெரும்பாலும் பதவியில் உயர்ந்தவர். சம்பளமும் சுதந்திரமும் அவருக்கு ஏற்கெனவே அதிகம். புள்ளியியல் முறைகளால் இதை ஓரளவுதான் சரிக்கட்ட முடியும். ஒரே ஆட்களை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளக்கும் ஆய்வுகளே நம்பகமானவை. அவை குறைவு, சிறியவை. மேற்குக் கனடாவின் ஒரு நிறுவனத்தில் தனி அறையிலிருந்து திறந்த கூடத்துக்கு மாறியவர்களைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வு அப்படிப்பட்டது. மாறி ஆறு மாதம் ஆன பிறகும் மனக்குறை தணியவில்லை. போகப்போகப் பழகிவிடும் என்ற நிர்வாக ஆறுதலுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பதவியும் அறையும் பின்னிக் கிடப்பதை நேரடியாகவே சோதித்த ஆய்வும் உண்டு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அறைகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்த இரண்டு வாரத்துக்கு ஊழியர்களை வேறு அறைகளில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு 198 பேரைச் சீட்டுப்போட்டதுபோல் பிரித்தார். சிலருக்குத் தம் தகுதிக்கு மேற்பட்டவரின் அறை, சிலருக்குக் கீழ்ப்பட்டவரின் அறை, சிலருக்குச் சமமானவரின் அறை. 1988இல் வெளியான முடிவின்படி, மேலான அறை கிடைத்தவர்கள் முன்பைவிட அதிகமாக உழைத்தார்கள். கீழான அறைக்குப் போனவர்களின் உழைப்பு இறங்கியது. சம்பளமோ வேலையோ மாறவில்லை. இந்திய அரசு அலுவலகங்களில் நாற்காலி முதுகில் விரிக்கப்படும் வெள்ளைத் துண்டும் அழைப்பு மணியும் எந்த விதிப்புத்தகமும் படிக்காமலே எல்லோருக்கும் விளங்குவது இதே கணக்கால்தான். அறை என்பது ஊழியரின் மதிப்பைப் பற்றி நிறுவனம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கை.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பகலொளி உடல் கடிகாரத்தைச் சரியாக ஓடவைக்கிறது. 49 ஊழியர்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சன்னல் உள்ள இடத்தில் வேலை பார்த்தவர்கள் மற்றவர்களைவிட இரவில் சராசரியாக 46 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆய்வு சிறியது, ஆனால் அதன் திசையில் வியப்பில்லை.

வெப்பத்தின் கதை இன்னும் சிக்கலானது. ஏ.சி. அறைகளுக்கான வசதி வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரத்தை டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970 வாக்கில் உருவாக்கினார். உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதற்கு அந்தக் கணக்கு மரபாக எடுத்துக்கொண்ட மனிதர் நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண். பெண்களின் ஓய்வுநிலை வெப்ப உற்பத்தியை இது 35 விழுக்காடு வரை மிகையாகக் காட்டலாம் என்று நெதர்லாந்தின் போரிஸ் கிங்மாவும் வௌட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் 2015இல் எழுதினார்கள். கோடை மதியத்தில் அலுவலகத்துக்குள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இந்த ஆய்வு புதிதாக எதுவும் சொல்லியிருக்காது. பெர்லினில் 543 மாணவர்களை வைத்து நடத்தி 2019இல் வெளியான சோதனையில், அறை சூடாகச் சூடாகப் பெண்கள் கணக்கிலும் சொற்பயிற்சியிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களின் இறக்கம் அதைவிடச் சிறியதாக இருந்தது.

இந்தியச் சூழலுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் 16 அலுவலகக் கட்டடங்களில் மூன்று பருவங்களிலும் போய்க் கேட்டு 6,330 பதில்களைத் திரட்டினார்கள். இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில் ஊழியர்கள் இதமாக உணர்ந்த வெப்பநிலை, வெளியே நிலவிய வெப்பத்தோடு சேர்ந்து 19.6 பாகை செல்சியஸிலிருந்து 28.5 பாகை வரை நகர்ந்தது. மேலைநாட்டுத் தரங்கள் கணித்ததைவிட இந்திய ஊழியர்களின் தாங்குதிறன் விரிவானது. இங்கும் காரணம் உடற்கூறு மட்டுமல்ல. சன்னலைத் திறக்கலாம், மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பலாம், பருத்தி உடுத்தலாம். இந்த மூன்றும் கைக்குள் இருக்கும் இடத்தில் 28 பாகை புழுக்கமாகப் படுவதில்லை. திறக்க முடியாத கண்ணாடிச் சுவருக்குள் 25 பாகைக்கே ஃபெசிலிட்டி பிரிவுக்குப் போன் போகும். சில பெரிய கட்டடங்களில் எந்தக் கருவியோடும் இணைக்கப்படாத போலித் தெர்மோஸ்டாட்டுகள் சுவரில் மாட்டப்படுவது குளிர்பதனத் துறையினருக்குத் தெரிந்த விஷயம். திருப்பிப் பார்த்த திருப்தியில் புகார்கள் குறைகின்றன. கிளாஸும் சிங்கரும் கண்டதை இவர்கள் தொழிலில் கண்டுகொண்டார்கள். ஊழியரை ஏமாற்றப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் வேறுபாடு.

மேசையின் மேலேயே இந்தக் கேள்வியைச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேக் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும். 2010இல் வெளியான அவர்களுடைய சோதனையில் நான்கு விதமான அறைகள். முதலாவது மொட்டை அறை: மேசை, நாற்காலி, வேலைக்கு வேண்டிய காகிதம், வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் செடிகளும் படங்களும் முன்கூட்டியே அழகாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் அதே செடிகளும் படங்களும் ஒரு பக்கம் கிடந்தன. எதை எங்கே வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பது வந்தவர் இஷ்டம். நான்காவது அறையில் வந்தவர் தன் விருப்பப்படி எல்லாவற்றையும் வைத்து முடித்ததும், ஆய்வாளர் உள்ளே வந்து, நன்றி சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்தார். கடைசியில் அந்த அறை இரண்டாவது அறையைப் போலவே ஆகிவிட்டது. செடியும் படமும் உள்ள அறையில் வேலை மொட்டை அறையைவிட 17 விழுக்காடு கூடியது. தாமே அமைத்த அறையில் 32 விழுக்காடு கூடியது. நான்காவது அறையில் அந்த லாபம் முழுவதும் கரைந்துபோனது. அறை பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்தவரை இரண்டாவது அறையும் நான்காவது அறையும் ஒன்றுதான். மேசைமேல் சொந்தப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பும் நிறுவனங்கள் தங்களை அறியாமல் அந்த நான்காவது அறையைத்தான் கட்டுகின்றன.

சொந்த மேசையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் வெனிஸில் சியாட்/டே விளம்பர நிறுவனம் 1994 வாக்கில் செய்த முயற்சி. மேசை, கேபின், ஃபைல் பீரோ எல்லாவற்றையும் நிறுவனத் தலைவர் ஜே சியாட் ஒழித்தார். காலையில் வந்ததும் முகப்பில் ஒரு மடிக்கணினியும் ஒரு தொலைபேசியும் வாங்கிக்கொண்டு, கிடைத்த சோபாவில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சொந்தப் பொருளுக்கு ஒரு சிறு லாக்கர். சில வாரங்களில் மனிதர்கள் தங்கள் வழக்கமான தந்திரங்களுக்குத் திரும்பினார்கள். கருவிகள் தீர்ந்துவிடும் என்று விடியலிலேயே வந்து வாங்கி ஒளித்துவைத்தார்கள். ஃபைல்களைக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் வாகன நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். தேவைப்பட்ட ஆளைத் தேடிப்பிடிப்பதே பாதி வேலையாயிற்று. 1998இல் நிறுவனம் வேறு கட்டடத்துக்குப் போனபோது ஒவ்வொருவருக்கும் இடம் திரும்பக் கிடைத்தது. இன்று ஹாட் டெஸ்க் என்ற பெயரில், செயலியில் முன்பதிவு செய்து உட்காரும் முறையாக அது மீண்டும் வந்திருக்கிறது. ஒரே மூலை மேசையைத் தினமும் பதிவு செய்பவர்களும், நாற்காலியில் ஜாக்கெட்டை மாட்டி இடம் பிடிப்பவர்களும் கூடவே வந்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் தனி கேபின்தான் மருந்து என்று முடிவுகட்ட முடியாது. ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் 469 ஊழியர்களிடம் கிறிஸ்டினா போடின் டேனியல்சனும் லெனார்ட் போடினும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு அலுவலகங்களை ஏழு வகையாகப் பிரித்தது. தனி அறைக்காரர்கள் எதிர்பார்த்தபடி நன்றாக இருந்தார்கள். நிலையான மேசை இல்லாத நெகிழ்வு அலுவலகக்காரர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் வந்தார்கள் என்பதுதான் எதிர்பாராதது. நடுத்தர அளவுத் திறந்த கூடத்தில் இருந்தவர்கள் பல அளவைகளில் பின்தங்கினார்கள். நல்ல நெகிழ்வு அலுவலகத்தில் சத்தம் வந்தால் எழுந்து மௌன அறைக்குப் போகலாம், வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாம். கூடத்து ஊழியருக்கு இந்த வசதி இல்லை. தன் மேசைக்கும் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் அவர் கட்டுப்பட்டவர். வேலைக்கேற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை 1990களில் நெதர்லாந்தின் இன்டர்போலிஸ் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பரவியது. மௌன அறைகள் போதுமான எண்ணிக்கையில் இருக்கும் இடத்தில் அது வெற்றி பெறுகிறது. மேசை எண்ணிக்கையைக் குறைக்க மட்டும் பயன்படும் இடத்தில் அதுவும் சியாட்/டே வழியில்தான் போகிறது.

2020க்குப் பிறகு இந்தத் தேர்வில் வீடும் முறையாகச் சேர்ந்துவிட்டது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். மற்றவர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். 2024இல் வெளியான முடிவில் முதல் பிரிவினரின் பணி மனநிறைவு உயர்ந்திருந்தது; வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தார்கள். பணி மதிப்பீடுகளிலும் பதவி உயர்விலும் வேறுபாடு தெரியவில்லை. சோதனைக்கு முன்பு இந்த ஏற்பாட்டால் உற்பத்தித்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று கணித்த மேலாளர்கள், முடிந்த பிறகு 1 விழுக்காடு கூடும் என்றார்கள். வேலையை விடுவது குறைந்தது பெண்களிடமும், வெகுதூரத்திலிருந்து வருபவர்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும். மேலாளர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.